பதிவு எண்ணைச் சரிபார்த்த பிறகும் ஏழு மாதச் சம்பளத்தை இழந்தேன்

பணம் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. ஏழு மாதச் சம்பளம். நிதானமாக எழுத வேண்டும் என்று நான்கு நாளாகக் காத்திருந்தேன். நிதானம் வருவதாகத் தெரியவில்லை, ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். ஏமாற்றியவரின் பெயரையோ தளத்தின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். அவர் வைத்திருந்த பெயர் அவருடையதே அல்ல என்பது இன்னொரு காரணம். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையை எப்படி எடைபோடுவது என்பதைப் பதிவின் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

ஆலோசனை தேடுபவர்களையும் ஆலோசகர்களையும் சேர்த்துவைக்கும் தளம் அது. மருத்துவம், சட்டம், வரி, முதலீடு என்று துறைவாரியாகக் கேள்வி கேட்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். ஆனால் தம் படிப்பையும் உரிமத்தையும் பதிவேற்றியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று ஒரு பச்சை முத்திரை இருக்கும். அவர்களுடைய பதில்களே முதலில் தெரியும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு நடுவே, தான் யார், என்ன படித்தவர் என்று வெளிப்படையாகச் சொல்கிறவரின் பேச்சுக்கு எடை அதிகம் என்றே நானும் நினைத்திருந்தேன்.

என் சேமிப்பை என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பின்னால் என்னை ஏமாற்றியவரின் பதிலுக்கு மேலே இரண்டு பட்டங்கள், ஒரு தொழில்முறைச் சான்றிதழ், ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் எல்லாம் வரிசையாக இருந்தன. கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள், அவசரத் தேவைக்குச் சில மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள், புரியாத எதிலும் பணத்தைப் போடாதீர்கள் என்பதுதான் பதில். யாரும் சொல்லக்கூடிய இந்த மூன்று வரிகள் அந்தப் பட்டங்களுக்குக் கீழே இருந்ததால் எனக்கு ஞானமாகத் தெரிந்தன. கடைசியில் மட்டும், விரும்புவோருக்காகத் தாமே ஒரு கூட்டு முதலீட்டுக் கணக்கை நடத்துவதாக ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்த வரிக்குக் கீழே, பட்டமோ முத்திரையோ இல்லாத ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "ஆலோசனை சொல்பவரே பணத்தையும் வாங்கி வைத்துக்கொண்டால், பணம் பத்திரமாக இருக்கிறதா என்பதை யாரிடம் போய்க் கேட்பது?" அதற்கு ஆலோசகர் பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். "உங்கள் தகுதி என்ன என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று, கொஞ்சம் எகத்தாளமாகவே கேட்டேன். "தகுதி ஒன்றும் இல்லை, கேள்வி மட்டும்தான் இருக்கிறது" என்று எழுதிவிட்டு அவர் போய்விட்டார். ஏழு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த ஒரே கேள்வியை, கேட்டவர் யார் என்று தெரியாததால் நான் தள்ளிவிட்டேன்.

நான் நம்பிக்கை வைத்த கணத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும். தனிச் செய்தியில் பேசத் தொடங்கிய இரண்டாம் நாள் அவர் இப்படி எழுதினார்: "என்னை நம்ப வேண்டாம். என் பதிவு எண்ணை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். அதன் பிறகு பேசலாம்." தேடினேன். எண் இருந்தது, பெயர் இருந்தது, உரிமம் நடப்பில் இருந்தது, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை. மோசடிக்காரன் தன்னைச் சோதிக்கச் சொல்வானா என்று நினைத்தேன். அந்த நிமிடத்தோடு என் சந்தேகம் முடிந்துபோயிற்று. நான் சரிபார்த்ததெல்லாம், அப்படியொரு உரிமதாரர் இருக்கிறார் என்பதை மட்டுமே. என்னோடு பேசிக்கொண்டிருப்பவர் அவர்தானா என்பதை நான் பார்க்கவே இல்லை. பார்க்காமல் விட்டது தெரியாமல், எல்லாம் பார்த்துவிட்ட நிம்மதியோடு தூங்கினேன். அந்தப் பதிவேட்டிலேயே உரிமதாரரின் அலுவலகத் தொலைபேசி எண்ணும் இருந்தது. அதற்கு அழைத்திருந்தால் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அழைக்கத் தோன்றவில்லை, அவருடைய எண்தான் ஏற்கெனவே என் கைபேசியில் இருந்ததே.

முதலில் ஒரு மாதச் சம்பளத்தைப் போட்டேன். அவர் தந்த பக்கத்தில் அது வளர்வது போல எண்கள் ஏறின. பிறகு ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்துப் போட்டேன். அதில் கொஞ்சத்தை எடுக்கக் கேட்டபோது, எடுப்பதற்கு முன்பு வரியைத் தனியாகக் கட்ட வேண்டும் என்றார். இருக்கிற பணத்திலேயே கழித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அதன் பிறகு பதிலே இல்லை.

இனி என்னைத் தட்டிக்கழித்தவர்களின் வரிசைக்கு வருகிறேன். தளத்தின் முதல் பதில், என் பொறுமைக்கு நன்றி சொன்னது. இரண்டாவது பதில், பச்சை முத்திரை என்பது பதிவேற்றிய ஆவணம் தெளிவாகப் படிக்க முடிகிறதா என்பதை மட்டுமே குறிக்கும் என்று விளக்கியது. ஆவணம் யாருடையது என்று அவர்கள் பார்ப்பதே இல்லையாம். சேரும்போது நான் ஒப்புக்கொண்ட விதிமுறைகளில் அது எழுதப்பட்டிருக்கிறதாம். (2004-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில அரசு, காசுக்குப் பட்டம் விற்ற ஓர் இணையப் 'பல்கலைக்கழகத்தின்' மீது வழக்குப் போட்டது, அரசுத் தரப்பினர் ஒரு வீட்டுப் பூனையின் பெயரில் விண்ணப்பித்து அதற்கு வணிக நிர்வாக முதுகலைப் பட்டமே வாங்கியிருந்தார்கள். அந்தப் பூனை தன் சான்றிதழை இந்தத் தளத்தில் பதிவேற்றினால் அதற்கும் பச்சை முத்திரை கிடைக்கும்.) மூன்றாவது பதில், பணப் பரிமாற்றம் தளத்துக்கு வெளியே நடந்ததால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றது. நான்காவது, என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாக அறிவித்து, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. வங்கியோ, நானே ஒப்புதல் தந்து அனுப்பிய பணம் என்ற ஒரே வாக்கியத்தை மூன்று ஊழியர்களின் குரலில் சொன்னது. ஏழு மாதச் சம்பளம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒவ்வொருவரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள், பதிவேட்டில் இருந்த அந்த எண்ணுக்கு அழைத்தேன். வயதான குரல். நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "நீங்கள் நான்காவது ஆள்" என்றார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. என்னைவிட அதிகமாக அவரே சோர்ந்திருந்தார்.

தூக்கம் வராத இரவுகளில் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். 1966-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத ஒருவர் தம்மை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு செவிலியர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். அந்த மருந்தின் அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. 22 பேரில் 21 பேர் அதை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் கிளம்பினார்கள், வழியில் நிறுத்தப்பட்டார்கள். பயிற்சி பெற்றவர்களே பெட்டியில் இருந்த எழுத்தை விட்டுவிட்டுத் தொலைபேசியில் கேட்ட 'மருத்துவர்' என்ற சொல்லை நம்பினார்கள் என்றால், நான் எம்மாத்திரம் என்று கொஞ்சம் ஆறுதல் வந்தது. அதுவும் நிற்கவில்லை, ஏனென்றால் தகுதி உண்மையாகவே இருந்தாலும் விஷயம் மாறுவதில்லை. முதலீட்டு மோசடிக்காக 2008 டிசம்பரில் அமெரிக்காவில் கைதான பெர்னார்ட் மேடாஃப் போலிப் பட்டம் போட்டுக்கொண்டவர் அல்ல. நாஸ்டாக் பங்குச்சந்தையின் தலைவராக நிஜமாகவே இருந்தவர். அவர் காட்டிய லாபம் கணக்குப்படி சாத்தியமே இல்லை என்று ஹாரி மார்க்கோபோலோஸ் என்பவர் 2000 முதலே அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். காரணங்களை வரிசைப்படுத்தியும் கொடுத்தார். ஆண்டுக்கணக்கில் அது எடுபடவில்லை. அங்கேயும் முதலீடு செய்பவரும் பணத்தை வைத்திருப்பவரும் ஒருவரேதான். என் பதிவின் கீழே முத்திரை இல்லாத அந்த மனிதர் கேட்டதும் இதைத்தானே?

தகுதியைச் சொல்வதே தவறு என்று நான் வாதிடவில்லை. மருந்தைப் பற்றிக் கேட்டால் மருத்துவர் சொல்வதைத்தான் நாளையும் கேட்பேன். ஆனால் ஒருவர் தம் தகுதியைச் சொன்னதும் என்னிடம் என்ன மாறியது என்றால், அவர் சொல்வதை நான் குறைவாக ஆராய்ந்தேன். தகுதியே சொல்லாத ஒருவர் இதே கூட்டுக் கணக்கைப் பற்றிப் பேசியிருந்தால், பத்துக் கேள்வி கேட்டிருப்பேன், ஒரு ரசீதாவது கேட்டிருப்பேன்.

எப்படி எடைபோடுவது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். புகாரைப் பதிவு செய்தவர்கள் பரிமாற்ற ரசீதுகள் அனைத்தையும் இன்று மாலைக்குள் கேட்டிருப்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். பதிவேட்டில் பெயரைப் பார்த்தால் மட்டும் போதாது, அங்கே இருக்கும் எண்ணுக்கு அழைத்து, இவர் நீங்கள்தானா என்று கேளுங்கள். ஆலோசகரின் கணக்குக்கோ அவர் காட்டும் கணக்குக்கோ பணத்தை அனுப்பாதீர்கள். எடுப்பதற்கு முன் கட்டு என்று யாராவது சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். பேசிய செய்திகளை எல்லாம் படமெடுத்து வையுங்கள். எனக்கு அவற்றில் பாதி அழிக்கப்பட்டுவிட்டது.

அந்த முத்திரை இல்லாத மனிதருக்கு நேற்று மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எவ்வளவு போயிற்று என்று கேட்டார். சொன்னேன்.