கானத்தூரில் நான் விட்ட முன்பணம்: சிறுசேரிக்கு வேலைக்கு வருவோர் கவனத்துக்கு

சென்னைக்குத் தெற்கே சிறுசேரி சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை கிடைத்து, வெளியூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பும் முன், 'போவதுதான் போகிறோம், கடலுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிடலாமே' என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு சனவரியில் நானும் அப்படித்தான் நினைத்தேன். திருச்சியில் பத்தாண்டுகள் இருந்துவிட்டு, அம்மாவையும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு வந்த எனக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஊர்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. திருவான்மியூர், நீலாங்கரை, அக்கரை, கானத்தூர், கோவளம் என்று பெயர்ப்பலகைகள்தான் மாறுகின்றன, கடல் ஒன்றுதானே என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை வைத்தே என்னை ஏமாற்றினார்கள்.

வேலைக்காக ஊர் மாறுவோருக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தை நம்பினேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வழியில் தொழில் செய்பவர்கள் பலர் இருப்பதால், ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் நல்லவர்கள் என்று ஆகிவிடும் என்பது இன்னொரு காரணம். அவர்கள் அனுப்பிய தரகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்களைக் கானத்தூருக்கு அழைத்துச் சென்றார். ஆறு வீடுகள் கொண்ட சிறிய அடுக்ககம், இரண்டாவது மாடி, பலகணியில் நின்றால் தென்னைகளுக்கு நடுவே கடல் ஒரு கோடாகத் தெரியும். அம்மா அந்தக் காற்றிலேயே பாதி சம்மதித்துவிட்டார்.

"கடல் நாலு நிமிஷம், ஆபீஸ் நாலு கிலோமீட்டர். இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?" என்றார் தரகர். அவர் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, வீட்டுக்கும் சிப்காட்டுக்கும் நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தும் காட்டினார். அந்தக் கோட்டின் நீளம் பொய்யன்று. கானத்தூருக்கும் சிறுசேரிக்கும் நேர்க்கோட்டில் அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் போகிறது. கொஞ்சம் தெற்கே போனால் அதுவே முட்டுக்காட்டின் உப்பங்கழியோடு கலக்கிறது. அதைக் காரில் கடக்க எங்களுக்கு இருந்தவை இரண்டே வழிகள். வடக்கே அக்கரை வரை போய், இணைப்புச் சாலையில் சோழிங்கநல்லூரை அடைந்து, ராஜீவ் காந்தி சாலையில் மறுபடி தெற்கே இறங்க வேண்டும். அல்லது தெற்கே முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டிக் கோவளம் போய், அங்கிருந்து கேளம்பாக்கம் திரும்பி, வடக்கே ஏற வேண்டும். இரண்டு வழியிலும் ஏறத்தாழ பதினெட்டு, இருபது கிலோமீட்டர் வருகிறது. வடக்கு வழியில் போனால் உத்தண்டி சுங்கச்சாவடி குறுக்கே நிற்கும். அதைத் தாண்டி மறுபுறம் வந்தால், சிப்காட் வரை நீளும் மெட்ரோ ரயில் வேலைக்காக அடைக்கப்பட்ட சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, நாலு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. தரகரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "பாலம் வரப்போகுது மேடம், அடுத்த வருஷமே வந்துடும்" என்றார். வராத பாலத்தின் மேல் ஓட்டிப் போக யாராலும் முடியாது.

அடுத்தது தண்ணீர். வீடு பார்க்கப் போன அன்று நானே கேட்டேன், தண்ணீர் எப்படி என்று. தரகர் சமையலறைக் குழாயைத் திறந்து, ஒரு டம்ளரில் பிடித்து, தானே ஒரு வாய் குடித்துவிட்டு எனக்கு நீட்டினார். நானும் குடித்தேன். உப்பே இல்லை. "நெம்மேலியில கடல் தண்ணியைக் குடிதண்ணியா மாத்துற பிளான்ட் பக்கத்துலதான் இருக்கு, இங்க தண்ணிக்கு என்ன பஞ்சம்?" என்று சேர்த்துக்கொண்டார். நெம்மேலியில் ஆலை இருப்பது உண்மைதான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013இலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024இலும் தொடங்கப்பட்டன. ஆனால் அந்த நீர் சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்களில் நகரத்துக்குப் போவது. நான் இருந்த தெருவுக்கு அதில் ஒரு சொட்டும் வரவில்லை. மாநகராட்சியின் எல்லை உத்தண்டியோடு முடிந்துவிடுகிறது என்பதும், கானத்தூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊராட்சிக்குள் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்தது, வாரியத்தின் லாரிக்குப் பதிவு செய்யப் பார்த்து முடியாமல் போன அன்றுதான். ஒப்பந்தத்தில் முகவரியைச் 'சென்னை' என்றே எழுதியிருந்தார்கள்.

குடியேறிய மூன்றாவது வாரம் அம்மா சமையலறையிலிருந்து, "ஏம்மா, நாலு விசில் விட்டுட்டேன், பருப்பு இன்னும் கல்லு மாதிரி கெடக்கு" என்றார். அதற்குள் சோப்பு நுரைக்காமல் போயிருந்தது. எவர்சில்வர் தவலையைக் கழுவிக் கவிழ்த்தால், காய்ந்தபின் அடிவிளிம்பில் வெள்ளை வளையம் நின்றது, நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. காவலாளியிடம் விசாரித்தேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "நீங்க பாக்க வர்றதுக்கு மொத நாள் ராத்திரிதான்க்கா டேங்கைக் கழுவி லாரித் தண்ணி அடிச்சாங்க" என்றார். வீடு காட்டும்போதெல்லாம் அப்படித்தானாம். மற்ற நாட்களில் ஓடுவது ஆழ்துளைக் கிணற்று நீர்.

உவர்ப்பை அளக்கும் கருவியைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி வைத்தேன். பிப்ரவரி இறுதியில் 1,300 காட்டியது. மே மாதத்தில் 2,600. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீரே கிடைக்காத இடத்தில்தான் 2,000 வரை விலக்கு. மாதம் ஏற ஏற உப்பும் ஏறியதற்குக் காரணத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் விளக்கினார். அந்த ஊர் ஒருபுறம் கடலுக்கும் மறுபுறம் உப்பங்கழிக்கும் நடுவே ஓடும் ஒடுங்கிய மணல் திட்டு. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உவர் நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கும். மோட்டார் போட்டு இறைக்க இறைக்க அந்தப் படலம் மெலிந்து, கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். ஆக, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரி என்பது அந்தக் கிணறு தன் வாழ்நாளிலேயே மிக நல்லதாக நடந்துகொள்ளும் மாதம்; அப்போதும் தரகருக்கு லாரித் தண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது என்றால் மற்ற மாதங்களை ஊகித்துக்கொள்ளலாம். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ முறை காரில் போயிருக்கிறேன். உப்பு விளையும் ஊரில் கிணற்று நீர் எப்படி இருக்கும் என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கோடையில் ஆறு வீட்டாரும் சேர்ந்து 12,000 லிட்டர் லாரிகளை வரவழைத்தோம். பராமரிப்புக் கட்டணம் 2,000 ரூபாய் என்று சொல்லித்தான் குடியமர்த்தினார்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை மாதம் 5,000க்குக் குறையவில்லை.

இவையெல்லாம் ஊரைத் தவறாகத் தேர்ந்ததன் விலை என்று பொறுத்துக்கொண்டிருப்பேன். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து வீட்டைக் காலி செய்தபோது நடந்ததுதான் பொறுக்க முடியாதது. வாடகை 22,000, பத்து மாத வாடகையான 2,20,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்திருந்தேன். சாவியைக் கொடுத்து முப்பத்தைந்து நாள் கழித்து 1,12,000 மட்டும் வந்தது. மீதிக்கு ஒரு தாளில் கணக்கு எழுதி அனுப்பினார்கள்: வெள்ளையடிக்க 38,000, இரண்டு குளிர்சாதனக் கருவிகளின் சுருள் குழாய் மாற்ற 46,000, குளியலறைக் குழாய்களும் கீசரும் மாற்ற 24,000. கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கும் என்பது அந்தச் சாலையில் வீடு கட்டிய எவருக்கும் தெரியும். நான் குடிபுகுந்த நாளிலேயே வெளியே மாட்டியிருந்த கருவிகளின் ஓரங்கள் பழுப்பேறி, தகடுகள் விரல் பட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அதை நான் படம் எடுத்து வைக்கவில்லை. பலகணியிலிருந்து கடலைத்தான் இருபது படம் எடுத்திருக்கிறேன்.

தரகரிடம் போனால், "அது ஓனர் விஷயம் மேடம், எங்க வேலை வீடு காட்டுறதோட முடிஞ்சுது" என்றார். ஒரு மாத வாடகையைத் தரகாக வாங்கும்போது அவர் அப்படிச் சொல்லவில்லை. முன்பணத்தில் போன 1,08,000, தரகு 22,000, ஆக 1,30,000 ரூபாய். லாரித் தண்ணீரும் சுங்கமும் பெட்ரோலும் இதில் சேரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதன் பிறகுதான் படித்தேன். தமிழ்நாட்டில் வாடகைக்கு விடுவோர், குடியிருப்போர் உரிமைகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அலுவலகத்தில் பதிந்து எண் பெற வேண்டும். வேறு விதமாக உடன்பட்டு எழுதாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். நான் பத்து மாதத்துக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டிருந்தேன். ஒப்பந்தத்தைப் பதியவும் இல்லை. "பதினோரு மாசத்துக்கு எதுக்கு மேடம் பதிவு? எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்று தரகர் சொன்னது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் சார்பதிவாளரிடம் பதிவு கட்டாயம் என்ற பழைய கணக்கு. புதிய சட்டத்தின் பதிவு வேறு என்பதை அவர் அறியாதிருந்தாரா, அறிந்தே மறைத்தாரா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். நான் சந்தித்த வழக்கறிஞர் முதலில் கேட்ட கேள்வியே பதிவு எண் எங்கே என்பதுதான்.

இப்போது கேளம்பாக்கத்தை ஒட்டிய படூரில் இருக்கிறேன். இந்த முறை வீட்டைப் பார்க்க ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் போனேன். அலுவலகத்துக்கு அங்கிருந்தே ஓட்டிப் பார்த்தேன். சமையலறைக் குழாயை விட்டுவிட்டு, மோட்டாரைப் போடச் சொல்லிக் கிணற்றிலிருந்து மேலேறும் குழாயில் தண்ணீர் பிடித்து அளந்தேன். 700 காட்டியது, குடிக்க வடிகட்டி வைத்துக்கொண்டால் போதும். தெருமுனையில் நின்ற தண்ணீர் லாரி ஓட்டுநரிடம், இந்தக் கட்டடத்துக்கு மே மாதத்தில் எத்தனை நடை வருவீர்கள் என்று கேட்டேன். தரகர்கள் மறைப்பதை அவர்கள் மறைப்பதில்லை. அவர்களுக்கு அது பெருமை. குளியலறை ஷவரின் துளைகளையும், சன்னல் கம்பிகளின் அடிப்பகுதியையும், குளிர்சாதனக் கருவியின் முதுகையும் உரிமையாளர் முன்னாலேயே படம் எடுத்து, அவருக்கே அன்றே அனுப்பிவைத்தேன். மூன்று மாத முன்பணத்துக்கு முதலில் முகம் சுளித்தவர், பிறகு ஒத்துக்கொண்டார். ஒப்பந்தம் பதிவாகிவிட்டது.

கானத்தூர் மோசமான ஊர் என்று நான் சொல்லவில்லை. அங்கேயே வேலை பார்ப்பவருக்கும், வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கும், லாரித் தண்ணீரை வாடகையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளக் கூடியவருக்கும் அது அருமையான இடம். டைடல் பூங்காவிலோ தரமணியிலோ வேலை என்றால் திருவான்மியூர் வாடகை கையைக் கடிக்கும், ஆனால் பறக்கும் ரயிலும் வாரியத்தின் தண்ணீரும் உண்டு. சோழிங்கநல்லூரில் அலுவலகம் என்றால் அக்கரையையும் ஈஞ்சம்பாக்கத்தையும் பார்க்கலாம், இணைப்புச் சாலை பக்கம். மழைக்காலத்தை நினைத்துக் கால்வாய்க்கு மேற்கே போவோர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் எப்படிக் கிடந்தன என்பதை அந்தந்தத் தெருக்காரர்களிடமே கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும். சிறுசேரியில் அலுவலகம் இருக்க, முட்டுக்காட்டுக்கு வடக்கே கடலோரத்தில் வீடு காட்டினால், கோடு இழுக்கும் விரலைப் பார்க்காமல் கால்வாயைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கோவளம் கடற்கரைக்குப் போகிறோம். படூரிலிருந்து இருபது நிமிடம். அம்மாவின் பருப்பு மூன்று விசிலில் வெந்துவிடுகிறது. முன்பணத்துக்கான அறிவிப்பை வழக்கறிஞர் மூலம் அனுப்பி ஆறு வாரம் ஆகிறது, இன்னும் பதில் வரவில்லை. அந்த வீட்டுக்கு மறுபடியும் ஆள் தேடுகிறார்கள் என்று காவலாளி சென்ற வாரம் சொன்னார். டேங்கைக் கழுவச் சொல்லியிருக்கிறார்களாம்.