10 லிட்டர் பையா, 18 லிட்டர் பையா?

மலைப்பாதை சைக்கிளுக்குப் பெரிய தண்ணீர்ப் பை, அதாவது உள்ளே நீர்ப்பை வைத்த முதுகுப்பை, தேடும்போது பலர் தண்ணீர் அளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் 10, 18 லிட்டர் என்பது முதுகுப்பையின் கொள்ளளவு; இந்த இரண்டு அளவிலும் பெரும்பாலும் அதே 3 லிட்டர் நீர்ப்பைதான் இருக்கும். வித்தியாசம் மீதி இடத்தில்.

10 லிட்டரில் ட்யூப், பம்ப், சிறு கருவிகள், மெல்லிய மழைச்சட்டை, கொஞ்சம் தின்பண்டம், அவ்வளவுதான். இரண்டு மூன்று மணி நேரச் சவாரிக்கு அது தாராளம். இறக்கத்தில் முதுகோடு ஒட்டி நிற்கும்.

18 லிட்டரில் முழங்கால் கவசம், முதலுதவிப் பொருள்கள், கனத்த ஜாக்கெட் எல்லாம் போகும். நாள் முழுக்க ஆளில்லாத பாதையில் போகிறவருக்கு இந்த இடம் உண்மையிலேயே தேவை. நானும் அதற்கு இதைத்தான் எடுப்பேன். ஆனால் பாதி காலியாக இருந்தால் உள்ளே எல்லாம் ஆடும், குதிக்கும்போது பை கழுத்தை நோக்கி ஏறும். பக்கவாட்டில் இறுக்கும் பட்டைகளும் அகலமான இடுப்புப் பட்டையும் இல்லாத பெரிய பையைத் தொடவே வேண்டாம். 3 லிட்டர் தண்ணீரே 3 கிலோ. அந்த எடை தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார வேண்டும்.

அப்புறம், வாங்கும் முன் எடை ஏற்றி மாட்டிக்கொண்டு, சைக்கிளில் குனிவதுபோல் குனிந்து தலையை நிமிர்த்துங்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் பையில் இடித்தால் அந்த அளவு உங்களுக்குச் சரிவராது.