மலிவு விலை 9 மி.மீ. கார்பைன்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

நான் மாதம் இரண்டு முறை செல்லும் உள்ளரங்கச் சுடுதளத்தின் வாசலில், ரைபிள் தோட்டாக்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று ஒரு பலகை தொங்குகிறது. டெக்சாஸில் மட்டுமல்ல, அமெரிக்காவின் பல நகரங்களிலும் இதே நிலைதான். குண்டைத் தடுத்து நிறுத்தும் பின்சுவர் பிஸ்டல் குண்டைத் தாங்கும் அளவுக்குத்தான் அங்கெல்லாம் கட்டப்பட்டிருக்கிறது. தோளில் ஊன்றிச் சுடப் பழக வேண்டும் என்றால், ஊருக்கு வெளியே உள்ள திறந்தவெளித் தளத்துக்கு ஒரு மணி நேரம் காரோட்டிச் செல்ல வேண்டும். இல்லையென்றால் பிஸ்டல் தோட்டாவையே சுடும் கார்பைன் என்னும் குட்டை ரைபிள் ஒன்றை வாங்க வேண்டும். நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முன் மூன்று துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தேன், ஒரு முறை ஏமாந்தேன், கணக்கும் போட்டுப் பார்த்தேன். அவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தத் துப்பாக்கி எதற்கு உதவாது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். கார்பைனின் குழல் 16 அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைபிளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் சொல்வதே அந்த நீளத்துக்குக் காரணம். தோட்டாவுக்கு அது தேவைப்படுகிறது என்பதால் அல்ல. 9 மி.மீ. தோட்டா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைத்துப்பாக்கிக்காக உருவானது; அதன் வெடிமருந்து சிறிய குழலுக்குள்ளேயே பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடும். 115 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு பிஸ்டலிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1150 அடி வேகத்தில் கிளம்புகிறது என்றால், கார்பைனிலிருந்து 1300 அடியை ஒட்டிக் கிளம்பும். ஆற்றலாகக் கணக்கிட்டால் சுமார் 340 அடி-பவுண்ட் 430 ஆகிறது. அதே நீளக் குழலில் .223 ரைபிள் தோட்டா 1100 அடி-பவுண்டை எட்டிவிடும். 147 கிரெயின் கனத்த குண்டுக்கு நீண்ட குழலால் கிடைக்கும் லாபம் இன்னும் குறைவு. ஆகவே பிஸ்டலை நீட்டினால் ரைபிளின் வலு வந்துவிடும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீண்ட குழலால் உண்மையிலேயே பெரும் பயன் பெறுபவை .357 மேக்னம் போன்ற தோட்டாக்கள்தான், அதைச் சுடும், நெம்பை இழுத்து இயக்கும் லீவர் ரைபிள்களோ மலிவு என்ற சொல்லுக்கு அருகில்கூட வருவதில்லை.

அப்படியானால் கார்பைன் எதைத் தருகிறது? தோள், கன்னம், இரண்டு கைகள் என நான்கு இடங்களில் துப்பாக்கி ஊன்றப்படுவதால் குறி அசையாமல் நிற்கிறது. பிஸ்டலில் 25 கெஜத்தில் தட்டளவு வட்டத்துக்குள் குண்டுகளை நிறுத்தத் திணறும் ஒருவர், அதே தோட்டாவைக் கார்பைனில் சுட்டு முதல் நாளே அவற்றை ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடக்கிவிடலாம். என் மனைவி அப்படித்தான் செய்தார், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

சந்தையில் மிக மலிவானது ஓஹையோ மாநிலத்தில் தயாராகும் ஹை-பாயின்ட் 995. புதிதாகவே சுமார் 300 முதல் 350 டாலருக்குள் கிடைத்துவிடும். அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தச்சுப் பட்டறையில் சுவரில் துளை போட எடுக்கும் கருவியைப் போல இருக்கும். என்னுடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அதைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார். ஒரு பிற்பகலில் நான் ஏறத்தாழ 200 தோட்டாக்களை அதில் சுட்டேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆயுட்கால உத்தரவாதம் துப்பாக்கியோடு சேர்ந்தே அடுத்தவர் கைக்கும் போகும் என்பதால், பழையதாக வாங்குபவருக்கும் அச்சமில்லை. குறை எங்கே என்றால், தோட்டாக்களை நிரப்பிச் செருகும் பெட்டியான மேகசினில் 10 தோட்டாக்களே கொள்ளும். பிரபலமான பிஸ்டல்களின் மேகசின்களும் இதில் பொருந்தாது. பத்து சுடுவதும் பத்து நிரப்புவதுமாக ஒரு மணி நேரம் கழிந்தபோது என் கட்டைவிரல் நுனி சிவந்துவிட்டது.

புதிதாக வாங்குபவரை வியப்பில் ஆழ்த்தும் ஒன்றை இங்கே விளக்க வேண்டும். 9 மி.மீ. தோட்டா சிறியது, கார்பைன் கனமானது, ஆகவே தோளில் உதைப்பே இருக்காது என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஆனால் மலிவு விலைக் கார்பைன்களில், தோட்டா அறையைப் பின்னிருந்து மூடும் போல்ட்டைப் பூட்டி வைக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. தோட்டா வெடிக்கும்போது அறை சீக்கிரம் திறந்துவிடாமல் தடுப்பது போல்ட்டின் எடையும் அதன் பின்னுள்ள சுருள்வில்லும் மட்டுமே. அதனால் போல்ட் கனமாக இருந்தாக வேண்டும், அந்தக் கனமான இரும்பு ஒவ்வொரு வேட்டுக்கும் பின்னால் ஓடி மோதி முன்னால் வர வேண்டும். .223 சுடும் ஏஆர்-15 ரைபிள் மென்மையாகத் தள்ளுகிறது என்றால், இது குத்துவதைப் போலத் தட்டுகிறது. இதைத் தணிக்க ஜெர்மனியின் எம்பி5 துப்பாக்கி போல்ட்டைத் தாமதிக்கும் உருளைகளையும், சிக் எம்பிஎக்ஸ் துப்பாக்கி வாயு இயக்கத்தையும் பயன்படுத்துகின்றன; ஆனால் அவற்றின் விலை வேறு வீதியில் இருக்கிறது.

இரண்டாவதாகச் சுட்டது ஃபுளோரிடாவின் கெல்-டெக் நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய சப்-2000. சுமார் 4 பவுண்டு எடைதான்; நடுவில் மடித்தால் 16 அங்குலத்தைச் சற்றே தாண்டும், மடிக்கணினிப் பையில் அடங்கிவிடும். கிளாக் பிஸ்டலின் மேகசின்களை ஏற்கும் மாதிரியும் உண்டு. இடத்தைச் சேமிப்பதில் இதை விஞ்சுவது கடினம். ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு: சுடும் விசையை அழுத்தக் கூடுதல் வலு வேண்டும், போல்ட்டை இழுக்கும் பிடி தோளில் ஊன்றும் கட்டையின் குழாய்க்கு அடியில், பின்புறம் ஒளிந்திருக்கிறது, நாம் கன்னத்தை வைக்கும் அந்தக் குழாய்க்குள்ளேதான் சுருள்வில் இயங்குவதால் ஒவ்வொரு வேட்டும் தாடையில் தெரியும். பழைய மாதிரிகளில் மேலே சிவப்புப் புள்ளிக் குறிக்கண்ணாடியைப் பொருத்தினால் துப்பாக்கி மடியாது; மூன்றாம் தலைமுறையில் முன்பிடியைத் திருப்பி மடிக்கும்படி செய்து அந்தக் குறையைத் தீர்த்திருக்கிறார்கள். 2023இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஃப்பிசி பக்கவாட்டில் மடிவதால் அதில் இந்தச் சிக்கல் தொடக்கத்திலிருந்தே இல்லை; கட்டைக்குள் இரண்டு மேகசின்களைச் செருகி வைக்கவும் இடம் தந்திருக்கிறார்கள். அது 600 டாலரைச் சுற்றி நிற்பதால் மலிவு என்பதன் கடைசிப் படியில் இருக்கிறது.

நான் வாங்கியது ரூகர் பிசி கார்பைன், பழையது, 480 டாலர். 2018 முதல் பரவலாக விற்பனைக்கு வந்த இந்தத் துப்பாக்கி கிட்டத்தட்ட 7 பவுண்டு எடை கொண்டது. ஆகவே தூக்கிக்கொண்டு திரிய ஏற்றதல்ல. ஆனால் போல்ட்டுக்குள் டங்ஸ்டன் எடை ஒன்றை அசையும்படி வைத்திருப்பதால், போல்ட் மோதும்போது அதன் அதிர்ச்சியில் ஒரு பகுதியை அந்த எடை வாங்கிக்கொள்கிறது, தோளில் தட்டுவதும் அடங்குகிறது. மேகசின் கூட்டை மாற்றினால் ரூகரின் மேகசினுக்குப் பதிலாகக் கிளாக் மேகசினைப் போடலாம். என்னிடம் முன்பே கிளாக் 17 இருந்ததால் அதன் ஆறு மேகசின்களுக்கும் வேலை கிடைத்தது. முன்பகுதியிலுள்ள நெம்பைத் தள்ளிக் குழலைத் திருகினால் துப்பாக்கி இரண்டாகப் பிரியும். திரும்பப் பூட்டும்போது ‘டக்’ என்ற ஒலி வந்த பிறகும் ஒரு முறை கையால் ஆட்டிப் பார்ப்பது என் வழக்கம். சிறிதாவது தளர்வு தெரிந்தால், அதைச் சரிசெய்ய அங்கேயே ஒரு வளையம் உண்டு.

ஏமாந்த கதை இதுதான். 33 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின் ஒன்றை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தயாரிப்பாளரிடமிருந்து 12 டாலருக்கு வாங்கினேன். ஆறாவது தோட்டாவோ ஏழாவது தோட்டாவோ மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அறையின் வாயில் முட்டி நின்றது; மேகசினை உருவி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, நசுங்கிய தோட்டாவை விரலால் தட்டிக் கீழே விழச் செய்வதற்குள் பக்கத்துத் தடத்தில் இருந்தவர் ஒரு பெட்டியையே சுட்டு முடித்திருந்தார். துப்பாக்கியைத்தான் குறை சொன்னேன். கிளாக்கின் சொந்த மேகசினைப் போட்டதும் அது மறுபேச்சில்லாமல் ஓடியது.

துப்பாக்கி வாங்கிய பிறகுதான் செலவே தொடங்குகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். குறிக்கண்ணாடி, தோள்வார், பூட்டுள்ள பெட்டி, வேறு மாநிலக் கடையிலிருந்து வரவழைத்தால் உள்ளூர் உரிமக்காரருக்குக் கைமாற்றுக் கட்டணம் என்று எனக்கு மேலும் 300 டாலர் ஆனது. ஆனால் உண்மையான கணக்கு தோட்டாவில் இருக்கிறது. மாதம் 200 என்று வைத்தால் ஆண்டுக்கு 2400 தோட்டாக்கள். 9 மி.மீ. ஒன்று 25 சென்ட் என்றால் 600 டாலர்; .223 ஐம்பது சென்ட் என்றால் 1200 டாலர்; .22 என்னும் சிறு தோட்டா எட்டு சென்ட் என்றால் 192 டாலர். துப்பாக்கியின் விலையில் 100 டாலர் மிச்சம் பிடிக்க மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம். 500 டாலருக்கே ஏஆர்-15 கிடைக்கும்போது பிஸ்டல் தோட்டாக் கார்பைன் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது: திறந்தவெளித் தளம் அருகில் இருந்து, 100 கெஜத்துக்கு மேல் சுட வேண்டும் என்றால் ஏஆர்-15தான் சரி; எங்களைப் போல 25 கெஜ உள்ளரங்கத்தில் காகிதத்தைத் துளைப்பவர்களுக்குப் பாதிச் செலவில் அதே பயிற்சி கிடைக்கிறது.

வாங்கியவர்கள் அறிந்திருக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. குறிக்கண்ணாடி குழலுக்கு 2 அங்குலம் மேலே இருக்கிறது, 25 கெஜத்துக்கு அதைச் சரிசெய்திருக்கிறீர்கள் என்றால், 5 கெஜத்தில் குண்டு குறிக்கு ஒன்றரை அங்குலத்துக்கும் கீழே படும். முதல் நாள் இதை அறியாமல் நான் குறிக்கண்ணாடியையே திருகிக் கெடுத்தேன்.

நம்மவர்களுக்காகச் சட்டம் பற்றி ஒரு பத்தி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். கடையில் தரும் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். மாநிலச் சட்டம் அதற்கு மேல் வரும்: நியூ ஜெர்சியில் ரைபிள் வாங்கவே தனி அடையாள அட்டை வேண்டும், கலிஃபோர்னியாவில் மேகசினுக்கு 10 தோட்டா வரம்பு உண்டு, மடியும் கட்டைகளுக்கும் அங்கே தடைகள் இருக்கின்றன. நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் மைத்துனருக்குப் பரிசளிக்கலாம் என்ற எண்ணத்தை அத்துடன் கைவிட்டேன்.

என் தீர்ப்பு இது. கையில் முன்பே 9 மி.மீ. பிஸ்டல் இருந்து, அதன் மேகசினை ஏற்கும் கார்பைன் 500 டாலருக்குள் கிடைத்து, சுடும் இடம் உள்ளரங்கமாகவும் இருந்தால் வாங்கலாம், வருந்த வேண்டியிருக்காது. பணம் மிகவும் இறுக்கம் என்றால் ஹை-பாயின்ட்டைக் கேலி செய்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: அவரிடம் பிஸ்டல் இல்லை, இதுவரை சுட்டதும் இல்லை, மகளுக்கும் கற்றுத்தர வேண்டுமாம். கார்பைன் வேண்டாம், .22 சுடும் ரூகர் 10/22 ஒன்றையும் நல்ல காதுக்காப்பு இரண்டையும் வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.