மெனுவில் 1000, மீட்டரில் 100: ட்ரோன் டிரான்ஸ்மிட்டர் வாங்குறவங்க பார்த்து வாங்குங்க

"1 வாட், 10 கிலோமீட்டர்" என்று அட்டையில் போட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் மாட்யூல் (ரிமோட்டிலிருந்து ட்ரோனுக்குக் கட்டளை அனுப்பும் பாகம்), கோவையில் ஒரு கடையில் வாங்கியது. மெனுவில் 1000 மில்லிவாட் வரை ஏறுகிறது. பவர் மீட்டரில் மாட்டினால் 100-ஐத் தாண்டவில்லை. கடைக்காரர் முதலில் பேட்டரியைக் குறை சொன்னார், அப்புறம் ஆன்டெனாவை. கடைசியில், "பெட்டியப் பிரிச்சாச்சுங்க, திருப்பி எடுக்க முடியாதுங்க." மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை, பணம்தான் வரவில்லை.

பவர் பத்தில் ஒன்றானால் தூரம் பத்தில் ஒன்றாகாது. அதனால்தான் இந்த ஏமாற்று சீக்கிரம் பிடிபடுவதில்லை. பவர் பத்து மடங்கானால் 10 கூடும் டெசிபல் கணக்கில், 1 வாட் என்பது 30 டிபிஎம், 100 மில்லிவாட் 20. ட்ரோனில் இருக்கும் ரிசீவர் −105 டிபிஎம் வரை மெலிந்த அலையையும் பிடிக்கும் என்றால் வழியில் இழக்க முறையே 135, 125 டெசிபல் கையில் இருக்கிறது. வெட்டவெளியில் முதல் கிலோமீட்டரே 100-ஐத் தின்றுவிடும். பிறகு தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 போகும். ட்ரோன் சாயும்போது ஆன்டெனா மறைவது போன்றவற்றுக்கு 15 ஒதுக்கினால், 1 வாட்டுக்கு 10 கிலோமீட்டர், 100 மில்லிவாட்டுக்கு 3. அட்டையில் போட்ட கணக்கு சரி, உள்ளே வைத்த சரக்குதான் பொய்.

அந்த 3 கிலோமீட்டரும் பல்லடம் பக்கத்து மானாவாரிக் காட்டில்தான் கிடைக்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்குள் நின்றுகொண்டு எதிர்பார்க்காதீங்க. 2 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில், பார்வைக்கோட்டைச் சுற்றி சுமார் 8 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவி வருகிறது. ஈர ஓலை அதில் குறுக்கிட்டால் இன்னொரு 6 டெசிபல் சாதாரணமாகப் போகும், தூரம் பாதியாகும்.

மீட்டர் இல்லாமலே சோதிக்கலாம். ஆன்டெனா இல்லாமல் மட்டும் ஆன் செய்யாதீங்க, பவர் ஆம்ப்ளிஃபயர் கருகிவிடும். டைனமிக் பவரை (தேவைக்கேற்ப பவரைத் தானே மாற்றும் வசதி) அணைத்துவிட்டு, ரிசீவரை 30 மீட்டர் தள்ளி அசையாமல் வைத்து, ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் அலையின் வலிமை) பாருங்க. 10-லிருந்து 100 மில்லிவாட்டுக்கு மாற்றினால் ஏறத்தாழ 10 டெசிபல் ஏற வேண்டும், 100-லிருந்து 1000-க்கு இன்னொரு 10. இந்த மாட்யூலில் இரண்டாவது தாவல் வரவே இல்லை. மின்னோட்டமும் காட்டிக்கொடுக்கும்: 1000 என்று வைத்தும் 5 வோல்ட்டில் 0.2 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால், உள்ளே போவதே 1 வாட். அத்தனையும் அலையாக எப்படி வெளியே வரும்?

ஆன்டெனாவிலும் ஒரு வேலை இருக்கிறது. எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று ஆன்டெனா மாட்டும் இணைப்பி இரண்டு வகை, இரண்டுக்கும் மரை ஒன்றுதான், முறுக்கினால் இறுகிவிடும். மாட்யூல் பக்கமும் ஆன்டெனா பக்கமும் ஓட்டையாகவே இருந்தால் நடுவில் தொடர்பே இல்லை. ஒரு பக்கம் ஊசி இருக்கணும்.

"தூரம் போகணும்னா 2.4-ஐ விட்டுட்டு 915 மெகாஹெர்ட்ஸ் எடுங்க" என்றும் சொல்வாங்க. அந்தப் பக்கத்து அலைவரிசைகளில் இந்தியாவில் உரிமம் தேவைப்படாதது 865–868 மெகாஹெர்ட்ஸ்தான், 915 அதில் வராது. அந்த வகை மாட்யூல் வாங்கினால் ஃபர்ம்வேரில் (உள்ளே ஓடும் மென்பொருள்) 866-ஐத் தேர்ந்தெடுத்து, அதற்கான ஆன்டெனாவே போடுங்க. கால் அலை நீளம் 8.7 சென்டிமீட்டர் அளவுக்கு வரும்.

ஆர்எஸ்எஸ்ஐ சோதனைக்குப் பறக்கவிட வேண்டியதில்லை. கடை வாசலிலேயே, பணம் கொடுப்பதற்கு முன்னால் முடித்துவிடலாம். கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்க.