இரவு வண்டிக்கு டீயா, பீடியா?

வேலூர் பைபாஸ் ஓரக் கடைகளில் இரவு 2 மணிக்கும் டீ கிடைக்கும், பக்கத்திலேயே பீடியும். லாரி ஓட்டிய என் மாமா இரண்டையும் தூக்கத்தை விரட்டும் மருந்தாகவே நினைத்தார்.

டீயில் இருப்பது காஃபின். களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசினை அது மறித்துவிடும். களைப்பு போகாது, தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அளவு மீறினால் படபடப்பு, கை நடுக்கம்.

பீடி கதையே வேறு. குடியாத்தம் பக்கம் திண்ணையில் பெண்கள் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுவதைப் பார்த்தால் சின்னப் பொருளாகத்தான் தெரியும். ஆனால் இழுத்த 10–20 நொடிக்குள் புகையிலையிலுள்ள நிகோடின் மூளையைத் தொட்டுவிடும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். சுமார் 2 மணி நேரத்தில் அந்த நிகோடின் பாதி இறங்கிவிடுவதால் உடம்பு அடுத்ததைக் கேட்கும். பீடி தீர்ந்த இரவுகளில் மாமா எல்லோர் மேலும் எரிந்து விழுவார். அது அவர் குணம் என்றே வெகுநாள் நினைத்திருந்தோம், பாவம். புகையிலுள்ள தார், கார்பன் மோனாக்சைடு வேறு.

என்னைக் கேட்டால் டீதான். சரி, அதற்கும் கண் சொக்குகிறதா? வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் படுத்துவிடுங்கள்.