ஈஎஸ்குவரி: சின்ன லைப்ரரி, சொல்லாமல் விடும் பிழை

ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் எதையாவது தேடவேண்டும் என்றால் இன்னமும் பலர் எழுத்துத் தேடலைத்தான் நம்புகிறார்கள். பிழையைப் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடும் காலி 'கேட்ச்' பகுதிகளை அப்படித் தேடிப் பாருங்கள். ஒருவர் அடைப்புக்குறியை அதே வரியில் மூடியிருப்பார், இன்னொருவர் இரண்டு வரி தள்ளி மூடியிருப்பார். பிராமிஸ்களோடு (பிறகு வரப்போகும் விடைக்கான பொருள்கள்) வரும் '.கேட்ச்' அத்தனையும் வந்து மாட்டும். யாரோ குறிப்புரைக்குள் முடக்கிவைத்த பழைய நிரலும் கூடவே வரும். தேடலுக்கான ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வடிவங்களைக் குறிக்கும் குறியீட்டுச் சரம்) நீட்டிக்கொண்டே போனால் கடைசியில் எழுதியவருக்கே அது புரியாது.

ஈஎஸ்குவரி என்ற லைப்ரரி இந்தத் தொல்லைக்காகவே பிறந்தது. நிரலை எழுத்தாகப் பார்க்காமல் அதன் தொடரியல் மரத்தை, அதாவது நிரலின் ஒவ்வொரு கூறும் ஒரு கணுவாகக் கிளைபிரியும் அமைப்பைப் பார்க்கிறது. மரத்தையும் ஒரு தேர்வுச் சரத்தையும் கொடுத்தால், பொருந்தும் கணுக்களைப் பட்டியலாகத் திருப்பித் தரும். வேறு வேலை தெரியாது. மேலே சொன்ன காலி கேட்சுக்கு எழுதவேண்டியது இவ்வளவுதான்:

கேட்ச்கிளாஸ் > பிளாக்ஸ்டேட்மென்ட்[பாடி.லெங்த்=0]

கேட்ச் கணுவின் நேரடிப் பிள்ளையாக ஒரு பிளாக், அதன் உடலின் நீளம் சுழியம். இடைவெளி, வரி முறிவு, அடைப்புக்குறி எங்கே விழுந்தது என்ற கவலையெல்லாம் போய்விடுகிறது. எங்கள் அலுவலகத்தில் பக்க வடிவமைப்பு மட்டுமே பார்க்கும் பெண் இந்த வரியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஸ்டைல் ஷீட்தானே?" என்றாள். ஏறக்குறைய அதேதான்; பக்க வடிவமைப்புக்கான சிஎஸ்எஸ் மொழியின் குறியீடுகளே இங்கும். இடைவெளி விட்டால் வழித்தோன்றல், '>' என்றால் நேரடிப் பிள்ளை, '+' அடுத்த உடன்பிறப்பு, '~' பின்னால் வரும் உடன்பிறப்பு. ':நாட்', ':மேட்சஸ்', ':ஹேஸ்' எல்லாம் உண்டு. பிரவுசர்களில் ':ஹேஸ்' 2022இல்தான் வரத் தொடங்கியது. இங்கே அதற்கு முன்பே இருந்தது. சிஎஸ்எஸ் தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியது கணுக்களின் பெயர்கள் மட்டுமே.

சிஎஸ்எஸ்ஸில் இல்லாத ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கணுவின் முன்னால் ஆச்சரியக்குறி போட்டால், சரத்தின் கடைசியில் இருப்பதற்குப் பதில் அந்தக் கணுவையே தரும். காலி கேட்சை வைத்திருக்கும் ட்ரை (பிழை வரக்கூடிய நிரலையும் அதன் கேட்சையும் சேர்த்த பகுதி) முழுவதும் வேண்டுமா? '!ட்ரைஸ்டேட்மென்ட் > கேட்ச்கிளாஸ் > …' என்று தொடங்கினால் போதும். ':ஹேஸ்' போட்டும் இதைச் செய்யலாம். ஆனால் இரண்டிலும் ஒரு கவனம் வேண்டும். ஒரு ட்ரைக்குள் இன்னொரு ட்ரை இருந்து, உள்ளே இருப்பது மட்டும் குற்றவாளி என்றாலும், ஆச்சரியக்குறியும் வெறும் ':ஹேஸ்'ஸும் வெளியே இருக்கும் நல்லவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரும்.

நேரடியாக இதை நிறுவாதவர்கள்கூடத் தினமும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிரலில் குறை கண்டுபிடிக்கும் கருவியான ஈஎஸ்லின்ட், 2017இல் வெளியிட்ட நான்காம் பதிப்பிலிருந்து விதிகளில் இந்தத் தேர்வுச் சரங்களை ஏற்கிறது. உள்ளே ஓடுவது ஈஎஸ்குவரி. 'நோ-ரெஸ்ட்ரிக்டட்-சின்டாக்ஸ்' என்ற விதியில் ஒரு சரமும் ஒரு செய்தியும் எழுதிவைத்தால், தனி பிளகின் எழுதாமலே உங்கள் குழுவுக்கான தடை தயார். நிரல் சரிபார்ப்பின்போது ஒரே குறையைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை ஓய்ந்தவன் நான். இந்த ஒரு வசதிக்காகவே இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இனி வசவு. முதலாவது, இதன் மௌனம். கணுவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிழைச் செய்தி வராது, காலிப் பட்டியல் வரும். எந்தக் கணுப்பெயர்கள் உண்மையில் உண்டு என்று இதற்குத் தெரியாது; எந்தப் பெயரைக் கொடுத்தாலும் தேடும், கிடைக்கவில்லை என்றால் சும்மா இருக்கும். 'தவறு எங்கும் இல்லை' என்பதும் 'தேடலே தவறு' என்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு சரத்துக்கும், கட்டாயம் மாட்டவேண்டிய ஒரு துண்டு நிரலைச் சோதனையாக வைக்காமல் யாரும் அதைக் குழுவுக்குள் விடக்கூடாது.

பெயர் சரியாக இருந்தும் நழுவும் இடங்கள் இருக்கின்றன. 'எக்ஸ்பிரஷன்ஸ்டேட்மென்ட் > கால்எக்ஸ்பிரஷன்' என்பது தனி வரியில் நிற்கும் அழைப்பைப் பிடிக்கும். ஆனால் அதே அழைப்பில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்தால், அதாவது 2020இல் மொழிக்கு வந்த ஆப்ஷனல் செயினிங் (பொருள் இருந்தால் மட்டும் அழைக்கும் வசதி) இருந்தால், நடுவில் 'செயின்எக்ஸ்பிரஷன்' என்று ஒரு கணு வந்து உட்கார்ந்துவிடும். நேரடிப் பிள்ளை உறவு அறுந்துபோகும். இது லைப்ரரியின் குற்றமல்ல, மரத்தின் வடிவம் அப்படி. தொடரியல் மரத்தை (ஏஎஸ்டி) காட்டும் ஏஎஸ்டி எக்ஸ்ப்ளோரர் தளத்தில் நிரலை ஒட்டி, மரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சரம் எழுதுவதே உத்தமம்.

மதிப்புகளை ஒப்பிடும்போது இரு பக்கத்தையும் சரமாக மாற்றித்தான் பார்க்கிறது. எனவே '[வேல்யூ=1]' என்றால் எண் 1 மாட்டும், மேற்கோளுக்குள் இருக்கும் "1" என்ற சரமும் மாட்டும். எண் மட்டும் வேண்டுமென்றால் கூடவே '[வேல்யூ=டைப்(நம்பர்)]' என்று சேர்க்கவேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குள் சாய்கோடு வந்தாலும் பழைய பதிப்புகளில் தகராறுதான். அதற்குப் பதில் அதன் யூனிகோட் குறியீட்டை எழுதச் சொல்லி ஈஎஸ்லின்ட் கையேடே நெடுங்காலம் எச்சரித்துவந்தது. கோப்புப் பாதைகளைத் தேடுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

குறிப்புரைகள் மரத்தில் கணுக்களாக இருப்பதில்லை. 'வேண்டுமென்றே விட்டது' என்று ஒருவர் நேர்மையாகக் குறிப்பு எழுதிவைத்த கேட்சும் இதன் கண்ணுக்குக் காலிதான். மாறிகளின் எல்லையும் தெரியாது. இணையத்திலிருந்து தரவு எடுக்கும் 'ஃபெட்ச்' அழைப்புகளைத் தடைசெய்தால், யாரோ தன் கோப்புக்குள் அதே பெயரில் எழுதிக்கொண்ட சொந்த ஃபங்ஷனும் சிக்கும். உண்மையான ஃபெட்சை வேறு பெயருக்கு மாற்றி அழைத்தவர் தப்பித்துவிடுவார். அந்த அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் எல்லைப் பகுப்பாய்வோடு முழு விதியாக எழுதுவதைத் தவிர வழியில்லை.

தனியாக நிறுவுவோருக்கு: நிரலை மரமாக்கும் பார்சர் இதனுடன் வராது. ஏகார்ன் அல்லது எஸ்ப்ரீ கொண்டு மரத்தை நீங்களே கட்டித்தர வேண்டும். வரி எண்கள் வேண்டுமென்றால் அதையும் பார்சரிடமே கேட்டு வாங்கவேண்டும், இல்லையேல் கிடைத்த கணு எந்த வரியில் இருக்கிறது என்று தெரியாமல் விழிக்க நேரும். நிறைய கோப்புகளில் ஒரே சரத்தை ஓட்டுவதானால், சரத்தை முதலில் ஒருமுறை 'பார்ஸ்' செய்துகொண்டு 'மேட்ச்' வழியாகப் போங்கள். சுருக்கமான அழைப்பு ஒவ்வொரு முறையும் சரத்தை முதலிலிருந்து படிக்கிறது. விளக்கக் கோப்பு மிகச் சிக்கனம். வசதிகளின் பட்டியல் இருக்கிறது, விளக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரின் சொந்த மரத்தோடு வேலை செய்பவர்களுக்கு இதே பாணியில் டிஎஸ்குவரி இருக்கிறது. கண்டுபிடித்ததை மாற்றி எழுதவும் வேண்டும் என்பவர்கள் ஜேஎஸ்கோட்ஷிஃப்ட், ஏஎஸ்டி-கிரெப் பக்கம் போகலாம். ஏஎஸ்டி-கிரெப்பில் தேடலையே நிரல் வடிவில் எழுதலாம் என்பதால் கணுப்பெயர்களை மனப்பாடம் செய்யும் வேலையும் பெரும்பாலும் மிச்சம். ஏற்கனவே ஈஎஸ்லின்ட் ஓடும் திட்டத்தில் மட்டும் வேறெதையும் தேடாதீர்கள். ஈஎஸ்குவரி அங்கே உங்கள் மாட்யூல் அடைவுக்குள் வந்து உட்கார்ந்துதான் இருக்கிறது.