எட்டு மணி நேரச் சாவி: புரொடக்‌ஷன் அனுமதியை எஸ்எஸ்எச் சான்றிதழுக்கு மாற்றிய பிறகு

டெவலப்பர் வேலையை விட்டுப் போயிருப்பார். அவருடைய எஸ்எஸ்எச் கீ (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் டிஜிட்டல் சாவி) ஏதாவது ஒரு புரொடக்‌ஷன் சர்வரில், அதாவது பயனர்களுக்காக நிஜமாக ஓடும் சர்வரில், கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்செல் பட்டியலை வைத்துச் சரிபார்த்தால் இது சிக்காது. கையெழுத்துப் போடும் மேனேஜர் எல்லா வரிக்கும் 'தேவை' என்றே டிக் அடிப்பார். தானாகக் காலாவதியாகும் அனுமதிக்கு யாரும் டிக் அடிக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இதற்கான சான்றிதழ் வசதி 2010-இல், 5.4 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஒருவருடைய கீக்கு, கால வரம்பு போட்டுக் கையொப்பமிட்டுத் தருவதே சான்றிதழ். இங்கே அந்த வரம்பு எட்டு மணி நேரம்.

அமைப்பது எளிது. கையொப்பமிடும் கீ ஒன்றை உருவாக்கி, அதன் பொதுப் பாதியை எல்லா சர்வரிலும் வைத்து, எஸ்எஸ்எச் அமைப்பு ஃபைலின் 'டிரஸ்டட் யூசர் சிஏ கீஸ்' வரியில் அதைக் காட்டினால் போதும். தனித்தனி கீகளை ஏற்கும் பழைய 'ஆதரைஸ்டு கீஸ் ஃபைல்' வரியை 'நன்' (எதுவுமில்லை) என்று மாற்ற மறந்தால் செய்ததெல்லாம் வீண். பழைய கீகள் அப்படியே வேலை செய்யும். கையொப்பக் கீயை எட்25519 வகையில் எடுங்கள். பழைய ஷா-1 முறையில் ஆர்எஸ்ஏ கீ கையொப்பமிட்ட சான்றிதழ்களை 8.2 பதிப்பு (2020) இயல்பாக ஏற்காது.

சான்றிதழின் அடையாளப் புலத்தில் ஆளின் ஐடியோடு டிக்கெட் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். சர்வர் லாகில் அது அப்படியே பதிவாகும். எல்லோரும் ஒரே 'டிப்ளாய்' கணக்கில் நுழைந்தாலும் வந்தது யார், எதற்கு என்று தெரியும். தொடக்க நேரத்தை ஐந்து நிமிடம் பின்தள்ளிக் கொடுப்பது நல்லது. இல்லையென்றால், சர்வர் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று கதவு அடைபடும்.

குறைகள் போகப்போகத்தான் தெரியும். காலாவதி, நுழையும்போது மட்டுமே பார்க்கப்படும். ஏழாவது மணி நேரத்தில் திறந்த செஷன் மறுநாளும் உயிரோடு இருக்கும். வரம்பு தாண்டியவற்றைத் தேடி முடிக்க குறித்த நேரங்களில் தானாக ஓடும் ஒரு கிரான் ஸ்கிரிப்ட் வேண்டும். இன்னொன்று, ரத்துப் பட்டியல் ஃபைல், அதாவது இனி ஏற்கக் கூடாத கீகளின் பட்டியல். அது படிக்க முடியாமல் போனால் கீ வழியாக வரும் எல்லோருக்கும் அனுமதி மறுக்கப்படும். பாதுகாப்புக்கு அது சரிதான், இரவு இரண்டு மணிக்கு அப்படித் தோன்றாது. ரூட் (முழு அதிகார) உரிமையில் கட்டளை ஓட்டவிடும் சுடோவில் விம், லெஸ் இரண்டையும் அனுமதித்தால், அவற்றுக்குள்ளிருந்தே ஷெல் திறக்க முடியும் என்பதால், ரூட் ஷெல்லையே கொடுத்ததாக அர்த்தம். ஃபைல் திருத்த சுடோஎடிட் போதும்.

அதிகம் அடிபடுவது டேட்டாபேஸ் பக்கம். 'படிக்க மட்டும்தானே' என்று போஸ்ட்கிரெஸில் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம். ஒருவர் பிகின் போட்டு (டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி) ஒரு செலக்ட் (படிக்கும் குவெரி) ஓட்டிவிட்டு, அதை முடிக்காமல் டீ குடிக்கப் போகிறார். அந்த டேபிளில் அவருடைய பூட்டு விழுந்தபடியே இருக்கிறது. அந்த நேரத்தில் டிப்ளாய்மென்ட்டின் ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) வந்து காத்திருக்க, அதன் பின்னால் வரும் சாதாரண குவெரிகளும் வரிசையில் நிற்க, ஆப் முடங்கிவிடும். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, ஆனால் அவுட்டேஜ். ரோல் (டேட்டாபேஸ் கணக்கு) அளவில் ஸ்டேட்மென்ட் டைம்அவுட் 30 விநாடி, ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் டைம்அவுட் ஒரு நிமிடம் என்று வையுங்கள். இது கவனக்குறைவுக்கான வேலி மட்டுமே. பயனரே 'செட்' போட்டு மாற்றிக்கொள்ளலாம். படிப்பவர்களை ரெப்ளிகாவுக்கு (டேட்டாபேஸின் நகலுக்கு) அனுப்புவதே சரி. அங்கே நீளமான குவெரிகள் இயல்பான 30 விநாடி வரம்பில் அறுபடலாம் என்ற புகார் வரும், வரட்டும்.

ரோலின் 'வேலிட் அன்டில்' (செல்லுபடியாகும் கடைசி) தேதியை நம்பி ஏமாறாதீர்கள். அது பாஸ்வேர்டுக்கு மட்டும். திறந்திருக்கும் இணைப்பை அறுக்காது. அதேபோல் 'எல்லா டேபிளும்' என்று கிராண்ட் கொடுத்தாலும் நாளை உருவாகும் டேபிளுக்கு அது பொருந்தாது. டிஃபால்ட் பிரிவிலேஜை மாற்றும்போது டேபிள்களை உருவாக்கும் ரோலின் பெயரையும் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் கட்டளை ஓடும், பலன் இருக்காது.

ஷெல்லை இவ்வளவு இறுக்கிவிட்டு, கோடைத் தானாக சர்வருக்குக் கொண்டுபோகும் பைப்லைனைத் திறந்து வைத்திருக்கும் இடங்கள் ஏராளம். பைப்லைன் ஃபைலைத் திருத்த முடிந்தவர் அதிலுள்ள புரொடக்‌ஷன் ரகசியங்களையும் எடுக்கலாம். கிட்லேபில் அந்த வேரியபிள்களை 'புரொடெக்டட்' ஆக்குங்கள். கிட்ஹப் என்விரான்மென்ட்டில் ஆறு ஒப்புதலாளர்கள் வரை சேர்க்கலாம், ஒருவர் சரி என்றாலே போதும். அந்த ஒருவர் டிப்ளாய் செய்பவராகவே இருக்கலாம் என்பதால் தன் வேலைக்குத் தானே ஒப்புதல் தருவதைத் தடுக்கும் டிக்கையும் போடுங்கள்.

கையொப்பமிடும் சர்வரே விழுந்தால்? அதற்கென ஒரு அவசரக் கணக்கு, வேறு வழியில், பாஸ்வேர்டு இருவரிடம் பாதிப்பாதியாக. நுழைந்த உடனே குழு முழுவதற்கும் அலர்ட் போக வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை நிஜமாகவே அதில் நுழைந்து பாருங்கள்; சர்வரை மாற்றியபோது அந்தக் கணக்கை மட்டும் உருவாக்காமல் விட்டிருப்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.